ஒட்டுறதுக்கான்னு கேட்டுட்டு பிரிண்ட் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல 19 வருஷமா ஜெராக்ஸ் கடை நடத்துறேன். ஜெராக்ஸ், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன்னு எல்லாம் ஒரே ரூமுக்குள்ள. போன ஆகஸ்ட் மாசம் உங்க சிறுவர் இணைப்போட கடைசி பக்கம் முழுக்க ஒரு லைட்ஹவுஸ் போட்டிருந்தீங்க, சிவப்பு வெள்ளை பட்டை, சின்ன சின்ன ஜன்னல், மேல விளக்கு கூண்டு, வெட்டி சுருட்டி ஒட்டுனா ஒரு சாண் உசரத்துக்கு நிக்கும்னு. அத பத்திதான் இந்த லெட்டர். முதல்லயே சொல்லிடுறேன், குறை சொல்றதுக்காக எழுதல. அந்த மாதிரி பக்கம் இன்னும் வரணும், புள்ளைங்க கையில அது நல்லபடியா நிக்கணும், அதுக்கு உங்க பக்கம் கொஞ்சமும் என்ன மாதிரி கடைக்காரங்க பக்கம் நிறையவும் மாத்த வேண்டியது இருக்கு.

அன்னிக்கு சாயங்காலமே புள்ளைங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு பையன் பேப்பர்லயே வெட்டி பழைய கல்யாண பத்திரிகை அட்டை மேல ஒட்டி கொண்டாந்தான், ஃபெவிகால் ஈரத்துல பேப்பர் ஊறி அப்பளம் மாதிரி பொங்கியிருந்துச்சு, வெள்ளை பட்டை பூரா சாம்பல் கலர்ல கை கறை. "அண்ணா, பேப்பர் மை கையில ஒட்டுது"ன்னான். உங்களுக்கு தெரியாததில்ல, செய்தித்தாள் மை எண்ணெயில கரிய கொழச்ச மாதிரி ஒண்ணு, அத சூடு காட்டி காய வைக்கிறதில்ல, எண்ணெய பேப்பர் உறிஞ்சிக்குது, கரித்தூள் மேலயே தங்கிடுது. அதனாலதான் காலையில பேப்பர் படிச்சுட்டு வெள்ளை சட்டையில கைய வச்சா கறையாகுது. ஒரு டம்ளர் தண்ணி ஊத்துனாலும் அந்த எழுத்து கரையாது, ஆனா விரலால தேச்சா வந்துடும். தண்ணிக்கு கரையுறது வேற, தேச்சா வர்றது வேற. இது ரெண்டும் எனக்கே அப்ப சரியா பிரிச்சு தெரியாது, இந்த லைட்ஹவுஸாலதான் தெரிஞ்சுகிட்டேன்.

செவ்வாக்கிழமை தாழங்குடால இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, ஏழாவது படிக்குது, அம்மா மீன் விக்கிறாங்க. பேப்பர்ல வெட்டுனா நிக்கல, கெட்டி பேப்பர்ல கலர்ல எடுத்து குடுங்க அண்ணா, ஸ்கூல்ல எக்ஸிபிஷன் இருக்குன்னு கேட்டுச்சு. நான் ஸ்கேன் பண்ணி, அழுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல க்ளீன் பண்ணி, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் இத்தனை கிராம்னு கணக்கு) போர்டுல இங்க் டேங்க் மிஷின்ல, அதாவது பாட்டில் இங்க் ஊத்துற இங்க்ஜெட்ல, நல்லா பளிச்சுன்னு போட்டு குடுத்தேன். 20 ரூபா வாங்கிக்கிட்டேன். எதுக்குன்னு கேட்டதோட சரி, எப்படி ஒட்டுவன்னு கேக்கல, எப்ப ஒட்டுவன்னும் கேக்கல.

மறுநாள் சாயங்காலம் அம்மாவோட வந்துச்சு. ஒரு துண்டு துணியில சுத்தி கொண்டாந்திருந்துச்சு, பிரிச்சு கவுன்ட்டர்ல வச்சது, பேசவே இல்ல. மூணாவது சிவப்பு பட்டை கீழ இருக்கிற வெள்ளைக்குள்ள ஓடி அந்த இடமே ரோஸ் கலர் ஆயிடுச்சு. ஒட்டு வர்ற பக்கம் கட்டை விரல் ரேகை அப்படியே சிவப்பா பதிஞ்சிருந்துச்சு, ஒவ்வொரு கோடும் எண்ணலாம், அழுத்தி புடிச்சு ஒட்டிகிட்டு எவ்ளோ நேரம் உக்காந்திருக்கும்னு அத பாத்தாலே தெரியும். வெட்டுனது அவ்ளோ சுத்தம், விளக்கு கூண்டு கம்பிய எல்லாம் ப்ளேடுல ஒண்ணொண்ணா எடுத்திருந்துச்சு. அந்த அம்மா, "தம்பி, நேத்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து செஞ்சுச்சு, இன்னொன்னு போட்டு குடுங்க, காசு குடுத்துடுறேன்"னாங்க. காசு வாங்கல. வாங்க மனசு வரல.

அந்த கெட்டுப்போன லைட்ஹவுஸ நான் கேட்டு வாங்கி வச்சுகிட்டேன். ராத்திரி கடை அடைச்சதுக்கு அப்புறம் பாக்கும்போதுதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, சிவப்பு ஓடியிருக்கு, கடல் போட்ட நீலம் ஓடியிருக்கு, ஆனா ஜன்னல சுத்தி இருந்த கறுப்பு கோடு மட்டும் வச்ச இடத்துல நிக்குது, ஒரு இழை கூட அசையல. ஒரே மிஷின், ஒரே பேப்பர், ஒரே ஃபெவிகால் ஈரம்.

விஷயம் இதுதான். நிறைய இங்க் டேங்க் மிஷின்ல கறுப்பு மட்டும் பிக்மென்ட் இங்க், மத்த மூணு கலரும் டை இங்க். டைன்னா சாயம், தண்ணியில முழுசா கரைஞ்சு இருக்கும், புதுசா வாங்குன சாயப் பொடவைய வேட்டியோட ஊற வச்சா என்ன ஆகும், அதுதான். பிக்மென்ட்ன்றது கரையாத நுணுக்கு தூள், கோயில் செவுத்துல அடிக்கிற காவி மாதிரி, பேப்பர் இழையில போய் உக்காந்துடும், காஞ்சதுக்கு அப்புறம் தண்ணி பட்டாலும் லேசுல கெளம்பாது. எந்த இங்க்னு பாட்டில் மேலயோ மிஷினோட கையேட்டுலயோ போட்டிருப்பான், நாமதான் படிக்கிறதில்ல, ரீஃபில் இங்க் எது சல்லிசா கெடைக்குதோ அத ஊத்திடுறோம்.

எனக்கு இது தெரிஞ்சிருக்கணும் ஐயா. 2015 வெள்ளத்துல என் கடைக்குள்ள முழங்கால் அளவு தண்ணி, கீழ் தட்டுல இருந்த ஃபைல் எல்லாம் ரெண்டு நாள் ஊறி கெடந்துச்சு. வெயில் வந்ததும் மொட்டை மாடியில ஒவ்வொரு தாளா பிரிச்சு கல்லு வச்சு காய போட்டோம். லேசர் ஜெராக்ஸ் எடுத்த பத்திரம், மார்க் ஷீட் காப்பி எல்லாம் பேப்பர் சுருங்கியிருந்தாலும் ஒரு எழுத்து கூட போகல. கலர் இங்க்ஜெட்ல போட்டது பூரா வெறும் ஊதா கறை. கண்ணால பாத்தேன், ஆனா ஒரு புள்ளையோட லைட்ஹவுஸுக்கு அத பொருத்தி பாக்கணும்னு தோணவே இல்ல.

அது ஞாபகம் வந்ததும் சரி, அப்ப லேசர்லயே போட்டுடலாம்னு மறுநாள் ஃப்ரெண்டு கடையில கலர் லேசர்ல எடுத்து குடுத்தேன். லேசர் மிஷின்ல போடுற டோனர்ன்றது இங்க்கே இல்ல, பிளாஸ்டிக் தூள், மிஷினுக்குள்ள கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டுல உருகி பேப்பர் மேல படிஞ்சிடும், அதனால தண்ணி ஒண்ணும் பண்ணாது. ஆனா அதுக்கும் ஒரு வில்லங்கம் இருக்குது. கெட்டி போர்டுல சிவப்பு மொத்தையா இருக்கிற எடத்த மடிச்சா அந்த பிளாஸ்டிக் தோல் வெடிச்சு மடிப்பு நீளத்துக்கு வெள்ளை கோடு தெரியும். அடிப்பக்கம் எட்டு மூலையிலயும் வெள்ளை கோடு. அதோட டோனர் இருக்கிற எடத்துல ஃபெவிகால் சரியா புடிக்கவும் மாட்டேங்குது, காஞ்சதும் பட்டுன்னு விட்டுடுது. பொண்ணு ஒண்ணும் சொல்லல, ஆனா மூஞ்சிய பாத்தா தெரியாதா.

அப்புறம்தான் உக்காந்து ஒரு வாரம் ராத்திரி ராத்திரி சோதிச்சு பாத்தேன். ஒரே சிவப்பு பட்டைய இங்க்ஜெட்ல போட்டு துண்டு துண்டா வெட்டி, ஒண்ணுக்கு ஒண்ணும் பண்ணாம விட்டேன், ஒண்ணுக்கு லேமினேஷன், ஒண்ணுக்கு பொம்பளைங்க முடிக்கு அடிக்கிற ஹேர் ஸ்பிரே, ஒண்ணுக்கு பெயின்ட் கடையில கெடைக்கிற அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே, ஒண்ணு மட்டும் இங்க்ஜெட்டுக்குன்னே வர்ற மேட் கோட்டிங் போட்ட பேப்பர்ல. எல்லாத்துலயும் ஈர விரல வச்சு தேச்சேன். லேமினேஷன் தண்ணிய விடாது, ஆனா மடிக்க முடியாது, மடிச்சாலும் எழும்பி நிக்கும், பிளாஸ்டிக் மேல ஃபெவிகாலும் ஒட்டாது, அது ஐடி கார்டுக்குத்தான் லாயக்கு. ஹேர் ஸ்பிரே காஞ்ச விரலால தேச்சா மட்டும்தான் தாங்குது, ஈரம் பட்டா அதுவே பிசுபிசுன்னு கரையுது. கோட்டிங் போட்ட மேட் பேப்பர்ல இங்க் சீக்கிரம் காஞ்சு கொஞ்சம் நல்லாவே தாங்குச்சு. கிளியர் ஸ்பிரே அடிச்ச துண்டுதான் ஈர விரலுக்கு அசையாம நின்னுச்சு, மடிச்சாலும் வெடிக்கல.

ஸ்பிரே அடிக்கிறதுல மட்டும் அவசரமே கூடாது. பிரிண்ட் எடுத்த உடனே அடிக்கக் கூடாது, தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள ஈரம் இருக்கும், ஒரு ராத்திரி பூரா விட்டுடணும். டப்பாவ ஒரு நிமிஷம் நல்லா குலுக்கிட்டு, பேப்பர்ல இருந்து முக்கால் அடி ஒரு அடி தூரத்துல புடிச்சு, பேப்பருக்கு வெளியில ஆரம்பிச்சு வெளியிலயே முடிக்கணும். முதல் கோட்டு சும்மா பனி மாதிரி, ஈரம்னே தெரியக்கூடாது. ஏன்னா ஒரே தடவையில நனையுற மாதிரி அடிச்சா அந்த ஈரத்துலயே சாயம் கெளம்பிடும். ஒரு கால் மணி நேரம் விட்டு ரெண்டாவது, அப்புறம் மூணாவது. க்ளாஸ்னு கேட்டா பிளாஸ்டிக் பொம்மை மாதிரி மினுக்கும், மேட்னு கேட்டு வாங்குங்க. மொட்டை மாடியில இல்ல வாசல்ல வச்சு பெரியவங்கதான் அடிக்கணும், மூக்குல துணி கட்டிகிட்டு, அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்துல இல்லாம, அது சட்டுனு தீ புடிக்கிற சாமான்.

நம்ம ஊருக்கு இன்னொன்னும் இருக்கு. கடல் காத்து வீசுற ஊரு, காத்துலயே தண்ணி. மழை நாள்ல, இல்ல சாயங்காலம் காத்து ஈரமா இருக்கும்போது அடிச்சா ஸ்பிரே காயும்போது பால் மாதிரி வெள்ளையா பூத்துடும், சிவப்பு மேல பவுடர் போட்ட மாதிரி. எனக்கு அப்படி ரெண்டு ஷீட் போச்சு. காலையில பத்து மணிக்கு மேல, நல்ல வெயில் இருக்கிற நாளா பாத்து நெழல்ல வச்சு அடிச்சா அந்த தொந்தரவே இல்ல.

ஸ்பிரே வாங்க முடியாத வீட்டுல என்ன பண்றது, அதான் முக்கியம், ஏன்னா ஒரு டப்பா வெலைக்கு அந்த அம்மா ஒரு நாள் கூடை தூக்கணும். ஈரத்த கொறைச்சாலே பாதி பிரச்சனை தீந்துது. ஃபெவிகால்ல தண்ணி நிறைய இருக்கு, டப்பா மூக்க நேரா பேப்பர்ல வச்சு பிதுக்குறதாலதான் ஊறுது. ஒரு மூடியில கொஞ்சம் ஊத்தி, தென்னை ஈர்க்கால தொட்டு, ஒட்டு மடிப்புல மட்டும் மெல்லிசா இழுத்துட்டு, அரை நிமிஷம் விட்டு பிசுக்கு வந்ததும் ஒட்டணும். கைய கழுவி நல்லா தொடைச்சுக்கணும், கைக்கு கீழ ஒரு வெள்ளை தாள் வச்சுக்கணும், வேர்வையே போதும் டை இங்க் ஓடுறதுக்கு. மடிக்கிற கோட்ட ரீஃபில் தீந்த பால்பாயின்ட் பேனாவால ஸ்கேல் வச்சு ஒரு அழுத்து அழுத்திட்டு மடிச்சா கோணாது. வெட்டுன ஓரத்துல தெரியுற வெள்ளைய மறைக்க புள்ளைங்க ஸ்கெட்ச் பென் போடுவாங்க, அதுவும் தண்ணி, ஓரத்துல இருந்து உள்ள இழுத்துக்கும், கலர் பென்சில்ல தீட்டுனா போதும். சுருட்டுற பாகத்துக்கு பேப்பரோட இழை எந்த பக்கம் ஓடுதுன்னு பாக்கணும், தாள ரெண்டு பக்கமும் லேசா வளைச்சு பாத்தா ஒரு பக்கம் சொன்ன பேச்சு கேக்கும், ஒரு பக்கம் மொரண்டு புடிக்கும். லைட்ஹவுஸ் மாதிரி உருளைக்கு இழை உசரத்துக்கு நேரா ஓடணும், இல்லைன்னா எவ்ளோ சுருட்டுனாலும் மூலை மூலையா உடைஞ்சு நிக்கும்.

மூணாவது லைட்ஹவுஸ நானும் அந்த பொண்ணும் கடை கவுன்ட்டர்லயே உக்காந்து செஞ்சோம், ஸ்பிரே மட்டும் நான் முந்தின நாளே அடிச்சு வச்சுட்டேன். ஸ்பிரே அடிச்ச எடத்துல பசை கொஞ்சம் கம்மியா புடிக்கும்னு ஒட்டு மடிப்ப மட்டும் மாஸ்கிங் டேப் போட்டு மறைச்சிருந்தேன். எக்ஸிபிஷன் முடிஞ்சு அது இப்ப அவங்க வீட்டுல டிவிக்கு பக்கத்துல நிக்குது, ஜன்னல் வெயில் நேரா படாத எடமா பாத்து வைக்க சொல்லியிருக்கேன், ஏன்னா டை இங்க் தண்ணிக்கு தப்பிச்சாலும் வெயிலுக்கு வெளுத்துடும்.

இப்ப என் மாதிரி கடைக்காரங்களுக்கு ஒண்ணு கேட்டுக்கிறேன். ஒரு புள்ள கலர் பிரிண்ட் கேட்டு வந்தா, இது ஃபைல்ல வைக்கவா இல்ல வெட்டி ஒட்டுறதுக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஒட்டுறதுக்குன்னா நாளைக்கு காலையில ஒட்டுப்பா, இன்னிக்கு தொடாதன்னு சொல்லி அனுப்புங்க. ஓரத்துல சின்னதா ஒரு சிவப்பு கட்டம், ஒரு நீல கட்டம் சேத்து பிரிண்ட் போட்டு குடுத்தா வீட்டுல ஈர விரல் வச்சு அதுல தேச்சு பாத்துட்டு ஒட்டிக்கும். இதுக்கு ஒரு பைசா கூட செலவில்ல. டீச்சருங்களுக்கும் சொல்லணும், நாளைக்கு மாடல் கொண்டான்னு இன்னிக்கு சாயங்காலம் சொன்னா புள்ளைங்க ஈரத்தோடதான் ஒட்டும், ஒரு பத்து நாள் குடுங்க.

உங்ககிட்ட கேக்குறது, ஒட்டு மடிப்புல கலர் போடாம வெள்ளையா விடுங்க, பசை நல்லா புடிக்கும். அந்த பக்கத்த மட்டுமாவது கொஞ்சம் கெட்டி தாள்ல போட முடிஞ்சா ரொம்ப நல்லது, முடியலன்னா எத்தனை ஜிஎஸ்எம் தாள்ல பிரதி எடுக்கணும்னு ஓரத்துல ஒரு வரி போடுங்க.

அப்புறம் என்ன மாடல் போடலாம்னு நானே ஒரு யோசனை சொல்றேன். நாசா அனுப்புன விண்கலத்தோட பேப்பர் மாடல் எல்லாம் நெட்டுல இலவசமா கெடைக்குது, கெனான் கம்பெனி கிரியேட்டிவ் பார்க்னு ஒரு தளத்துல வெளிநாட்டு கோட்டை, கோபுரம்னு குடுக்குறாங்க, புள்ளைங்க கேட்டா நான் அதத்தான் எடுத்து குடுக்குறேன். நம்ம ஊரு கட்டடம்னு தேடுனா ஆப்புட மாட்டேங்குது. தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டை இருந்துச்சு, 1690ல இங்கிலீஷ்காரன் மராட்டியர்கிட்ட வாங்குனது, பீரங்கி குண்டு எது வரைக்கும் போய் விழுதோ அது வரைக்கும் உள்ள கிராமம் அவனுக்குன்னு பேச்சு, குண்டு உப்பலவாடி, குண்டு சாலைன்னு இன்னிக்கும் நாம சொல்றது அதனாலதான். 1758ல பிரெஞ்சுக்காரன் புடிச்சு இடிச்சுட்டான். இப்ப அங்க போனா இடிஞ்ச செவுரும் முள்ளுச் செடியும்தான், சில்வர் பீச்சுக்கு போற புள்ளைங்களுக்கு பக்கத்துல கோட்டை இருந்ததே தெரியாது. பக்கத்துல புதுச்சேரியில 1836ல விளக்கேத்துன பழைய லைட்ஹவுஸ் இன்னும் நிக்குது. அதே பீச் ரோட்டுல மேரி கட்டடம் (நகராட்சி கட்டடம்) 2014 நவம்பர் மழையில சரிஞ்சு, பழைய மாதிரியே திரும்ப கட்டி 2021ல திறந்தாங்க. பாரதி பூங்காவுல ஆயி மண்டபம் இருக்கு, வெள்ளை கட்டடம், சாயம் ஓடுறதுக்கே எடமில்ல, முதல் மாடலா அத போட்டீங்கன்னா சின்ன புள்ளைங்க கூட கெடுக்காம செஞ்சுடும்.

கோட்டைய நான் வரைய ஆரம்பிச்சுட்டேன். செவுரு, கொத்தளம், வாசல் எல்லாம் ஏ4 தாள் நாலுல அடங்குற மாதிரி, கறுப்பு கோடு மட்டும், கலர் புள்ளைங்க பென்சில்ல தீட்டிக்கட்டும்னு விட்டிருக்கேன். நீங்க சரின்னா அனுப்பி வைக்கிறேன், சன்மானம் எதுவும் வேணாம். ஒண்ணே ஒண்ணு, போடுறதா இருந்தா செப்டம்பருக்குள்ள போட்டுடுங்க. ஐப்பசி பொறந்துட்டா இந்த பக்கம் ஃபெவிகாலும் காயாது ஸ்பிரேயும் காயாது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.